பிரமாணம் கையில் இருந்தால் போதுமா?

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே தக்கலையில் தினமும் மழை, ரப்பர் வெட்டு சரியாக நடக்கவில்லை, மற்றபடி எல்லோரும் சுகம்.

நிரூபணம், சான்று, ஆதாரம், அத்தாட்சி எல்லாம் ஒன்றுதானே சார் என்று உன் கணக்கு வகுப்புப் பையன் கேட்டதாக எழுதியிருந்தாய். நல்ல கேள்வி. அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு ஒன்று பொருளாகத்தான் போட்டிருக்கும், ஆனால் பத்திரம் எழுதுகிற என் மேஜைக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்று செல்லாது என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

நம்ம ஊரில் கிரயப் பத்திரத்தைப் பிரமாணம் என்றுதானே சொல்வோம். வடக்கே போனால் பிரமாணம் என்றால் மந்திரிகள் எடுப்பது, சைவ சித்தாந்தம் படித்தவர்களிடம் கேட்டால் அறிவதற்கான வழி, தமிழில் அளவை, காண்டல் கருதல் உரை என்று மூன்று. போன வாரம் ஓர் அண்ணனும் தங்கையும் குடும்பச் சொத்தைப் பாகம் வைக்க வந்தார்கள். முன்பிரமாணம், அதாவது அந்தச் சொத்துக்கு முன்னால் எழுதின பத்திரம், உண்டா என்று கேட்டதும் அந்த அக்கா மஞ்சப்பையிலிருந்து எடுத்துத் தந்தது திருவிதாங்கூர் காலத்துப் பத்திரம், மடிப்பெல்லாம் விட்டுப்போய்ப் பின்னால் துணி ஒட்டியிருந்தது, முழுக்க மலையாள எழுத்து, தேதி 1112 மீனம். கொல்லம் ஆண்டு, அதாவது 1937 மார்ச், ஏப்ரல். அதைக் காட்டி, இதைவிட என்ன சார் அத்தாட்சி வேணும் என்றார் அண்ணன்.

அது ஆதாரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் தாத்தா வாங்கினார் என்பதற்குத்தான் அது ஆதாரம், இன்றைக்கும் இவர்களுடையது என்பதற்கு அது மட்டும் போதாது. வில்லங்கச் சான்று வேண்டும், அதிலும் பதிவான பத்திரங்கள்தான் வரும், பதியாமல் எழுதிவைத்த உயில் வராது. பட்டா, தீர்வை ரசீது, வாரிசுச் சான்று எல்லாம் சேர்ந்து ஒரே கதையைச் சொன்னால்தான் எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர் ‘இப்போ ருசு ஆச்சு’ என்பார். நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தம். ருசு என்று இப்போது யாரும் சொல்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கோர்ட்டிலும் இப்படித்தான். சாட்சி என்றால் கூண்டில் ஏறுகிற ஆள், சான்றாவணம் என்றால் காகிதம், இரண்டும் வந்துவிட்டதாலேயே வழக்கு மெய்ப்பிக்கப்பட்டதாகிவிடாது. 1872 சாட்சியச் சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்தபிறகும் அந்த வரையறை மாறவில்லை: விவேகமுள்ள ஒருவர் நம்பி நடக்கிற அளவுக்கு உண்மையாக இருக்கலாம் என்று நீதிமன்றம் கருதினால் அது மெய்ப்பிக்கப்பட்டது. (நம்ம வள்ளுவர் சாட்சிக்குக் கரி என்ற சொல்லை வைத்திருக்கிறார், ‘இந்திரனே சாலுங் கரி’, 25-ஆம் குறள். கன்னியாகுமரிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.)

உன் பாடத்தில் ‘உண்மையாக இருக்கலாம்’ என்கிற அந்தச் சலுகை கிடையாதே. இதைத்தான் அந்தப் பையனுக்கு நீ காட்ட வேண்டும். அவன் நூறு முக்கோணம் வரைந்து கோணமானி வைத்து அளக்கட்டும், கூட்டினால் 180 பாகைக்குப் பக்கத்திலேயே வரும், அது நூறு சான்று. நூற்றியொன்றாவது முக்கோணத்தைப் பற்றி அவனால் அடித்துச் சொல்ல முடியாது. அப்புறம் ஒரே ஒரு முக்கோணத்தின் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு இழுக்கச் சொல், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று இரண்டு பக்கமும் குறித்தால் மூன்று கோணமும் அந்த நேர்கோட்டில் வந்து உட்கார்ந்துவிடும். இனி உலகத்தில் எந்த முக்கோணத்தையும் அளக்க வேண்டாம், அதுதான் நிரூபணம். உங்கள் புத்தகத்தில் ‘என நிறுவுக’ என்று கேட்பது இதைத்தான், அளந்து காட்டினால் மார்க் போடாதே.

உன் அப்பா பெயரிலேயே கிடக்கிற அந்த எட்டு சென்ட்டையும் மறந்துவிடாதே. அடுத்த முறை வரும்போது வாரிசுச் சான்றும் முன்பிரமாணமும் எடுத்து வா, பட்டா மாற்றத்துக்கு நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்