குழுப் பெயர்ப் பட்டியல் எங்கே எழுதப்படுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உள்ளாட்சியில் பெண்கள் என்றதும் 50 சதவீத இடஒதுக்கீட்டோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தேர்தலில் நிற்காமலே பெண்கள் உட்காரக்கூடிய குழுக்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல உண்டு. சட்டப்படி அவற்றில் இடமும் இருக்கிறது. அந்த இடத்தில் யார் பெயர், எங்கே வைத்து எழுதப்படுகிறது என்பதுதான் சிக்கல்.

கிராமக் குடிநீர், சுகாதாரக் குழுவை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்ட வழிகாட்டுதல்படி 10 முதல் 15 உறுப்பினர்கள், பாதிப் பேர் பெண்கள். இதுபோக, ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும். வேறு மாவட்டத்தில் இது சம்பிரதாயமாக இருக்கலாம், நிலத்தடி நீரில் புளோரைடு உள்ள நமக்கு அப்படியல்ல. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும் புளோரைடு முதலில் குழந்தைகளின் பல்லில் கறையாகத் தெரியும், ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்புக்குப் போகும். காய்ச்சினால் குறையாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். இதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. ஆனால் காவிரித் தண்ணீர் ஏறும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரையும் ஏற்றினால் பழைய கதைதான். எனவே தொட்டியடியில் மட்டும் பிடித்துப் பார்த்தால் போதாது. தெருவின் கடைசிக் குழாயிலும் சோதிக்க வேண்டும். அங்கே குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தேதி, எந்தக் குழாய், என்ன அளவு, அன்று போர் ஓடியதா என்ற நான்கும் தீர்மானப் புத்தகத்தில் ஏறினால்தான் அதிகாரியிடம் கேட்க முடியும்.

நடப்பது என்ன? பட்டியல் ஊராட்சி அலுவலகத்திலேயே எழுதி முடிக்கப்படுகிறது. தான் உறுப்பினர் என்பதே கையெழுத்துக்குப் புத்தகம் வீட்டுக்கு வரும்போதுதான் பல பெண்களுக்குத் தெரிகிறது. எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. எழுதியிருந்தால் கடைசி வரிக்கு ஒட்டிக் கீழே போடுங்கள், இடைவெளி விடாதீர்கள். அடுத்தது நேரம். காலை 11 மணிக் கூட்டத்துக்கு நூறு நாள் வேலைக்குப் போனவர் எப்படி வருவார்? மாலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிய பிறகு வைக்கலாம். குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கும் ஊராட்சியில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஊரில் வைப்பதே நியாயம்.

குழுவை மாற்றும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. 2019-ல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் வந்த பிறகும் கிராம சபை நடந்தது. "குழு உறுப்பினர் பெயர்களை வாசித்து ஒப்புதல் பெறுதல்" என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர் வந்தால் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை. ஒரு சுய உதவிக் குழுவில் 12 முதல் 20 பேர். ஐந்தாறு குழுக்கள் திரண்டு வந்தால் எந்தத் தலைவரும் அலுவலரும் தட்டிக்கழிக்க முடியாது.

மலையூர்களில் காட்டு நில உரிமைகோரிக்கைகளைப் பார்க்கும் வன உரிமைக் குழுவிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும். உரிமைகோரிக்கைக்காகக் கூடும் கிராம சபையில் வந்தவர்களிலும் அதே பங்கு பெண்களாக இருந்தாக வேண்டும்.

மாவட்ட அளவில் இரண்டைச் சொல்ல வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களிலிருந்து வரும் பாலியல் தொல்லைப் புகார்களையும், முதலாளி மீதே வரும் புகார்களையும் விசாரிப்பது உள்ளூர்க் குழு. ஓசூர்ப் பக்கத்துச் சின்னப் பட்டறைகளுக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதுதான் கதி. இதன் தலைவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு. குழந்தைத் திருமணம் ஓயாத நம் பகுதியில் இதன் ஐந்து பேரில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்சம்தான். மூன்று பேர் இருந்தாலும் தடையில்லை. சட்டம், சமூகப்பணி, கல்வி, உளவியல் போன்ற பட்டமும் ஏழாண்டு அனுபவமும் கேட்பார்கள். அனுபவச் சான்றில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி இரண்டும் இருக்கட்டும். மாதம் 20 நாளாவது குழு கூடும் என்பதால் முழுநேர வேலையில் இருப்பவருக்கு ஒத்துவராது.

விண்ணப்ப அறிவிப்பை ஆட்சியர் அலுவலகப் பலகையிலும் இணையத்திலும் போட்டுவிட்டுப் பெண்கள் முன்வரவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. எந்தக் குழு, யார் உறுப்பினர், பதவிக்காலம் என்றைக்கு முடிகிறது என்ற பட்டியலை இரு மாவட்ட நிர்வாகங்களும் ஒவ்வொரு ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் ஒட்டட்டும்.

இப்படிக்கு,
மகளிர் குழு ஊக்குநர்கள் சிலர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்