செயலாளரின் ஆண்டறிக்கை 2025-26: கூலியையும் சேர்த்து விலை போடுவோம்

தலைவர் அக்காவுக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வர முடியாமல் இதை வாட்ஸ்அப்பில் படிக்கப் போகிறவர்களுக்கும் வணக்கமுங்க. ஏப்ரல் 2025 முதல் மார்ச் 2026 வரை, கையால் நகை செய்கிறவர்களின் நம் சங்கத்தில் நடந்தவற்றைச் சொல்லும் அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், தணிக்கை முடிந்த கணக்கு மேசையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

சங்கம் தொடங்கியபோது சுடுமண் நகை செய்கிறவர்களும் பட்டு நூல் வளையல் சுற்றுகிறவர்களும்தான் இருந்தோம். இப்போது குவில்லிங் என்கிற காகிதச் சுருள் வேலை, ரெசின், பாசிமணி, பட்டுக்கூடு என்று பல வேலை தெரிந்தவர்கள் கோபி, சத்தி, அந்தியூர், கவுந்தப்பாடி, பவானிப் பக்கமிருந்தெல்லாம் சேர்ந்திருக்கிறார்கள். வீட்டு வேலை, மாட்டு வேலை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் முடித்துவிட்டு மதியம் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களே அதிகம். அவர்களை மனதில் வைத்துத்தான் இந்த அறிக்கையின் பெரும்பகுதியை எழுதியிருக்கிறேன்.

இந்த ஆண்டு அக்டோபரில் ஒரு பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது எல்லாருக்கும் தெரியும். அதற்கு அப்புறம் நமக்கு விசாரிப்பு கூடியது. வளைகாப்புக்கு நூல் வளையல், ரிசப்ஷனுக்கு ஆரம் ஜிமிக்கி செட், நெகமம் சேலைக்கும் கோரா காட்டனுக்கும் பொருத்தமாகச் சுடுமண் மாலை என்று கேட்டு வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது, "மண்ணுக்கா இவ்வளவு விலை?" என்று. அந்தக் கேள்விக்குப் பயந்து நம்மில் பலர் விலையைக் குறைத்துக்கொண்டே போனோம். ஒருவர் 300 என்றால் அடுத்தவர் 250, அதற்கும் அடுத்தவர் கூரியர் இலவசம். இதை இப்படியே விட்டால் இன்னும் இரண்டு ஆண்டில் நல்லா வேலை செய்கிறவர்கள்தான் முதலில் தொழிலை விட்டுப் போவார்கள்.

கணக்கை நேராகவே சொல்கிறேன். உதாரணத்துக்கு ஒரு சுடுமண் மாலையும் ஜிமிக்கியும் எடுத்துக்கொள்வோம். மண், வண்ணம், வார்னிஷ், கயிறு, கொக்கி, பெட்டி, சூளையில் நம் பங்கு எல்லாம் சேர்த்து 110 ரூபாய். மண் பிசைவதிலிருந்து பெட்டியில் வைப்பது வரை ஐந்து மணி நேர வேலை. 250 ரூபாய்க்கு விற்றால் கைக்கு நிற்பது 140, அதாவது மணிக்கு 28 ரூபாய். மஞ்சள் வெட்டுக்கோ களை எடுக்கவோ ஆள் கூப்பிட்டால் இந்தக் கூலிக்கு யாராவது காட்டுக்குள் கால் வைப்பார்களா? பண்ணையத்தில் ஆள் கூலியைக் கணக்கில் எழுதாமல் யாரும் விடுவதில்லை, தறியிலும் மீட்டருக்கு இவ்வளவு என்று பேசித்தான் பாவு ஏற்றுகிறோம். நகை வேலையில் மட்டும் நம் கை உழைப்பை, "சும்மா இருக்கிற நேரத்தில் செய்ததுதானே" என்று நாமே தள்ளிவிடுகிறோம். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தாலும் கூலி 300, பொருள் செலவோடு 410. உடைந்தது, விற்காமல் நின்றது, திரும்பி வந்தது, இவற்றுக்குக் கொஞ்சம் சேர்த்தால் 480 வரைக்கும் வரும். அதுதான் அந்த மாலையின் விலை.

கடையில் வைத்து விற்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. கடைக்காரர் 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் 480-இல் நமக்கு வருவது 336, அடக்கமான 410 கூட வராது. அடக்கம் மட்டும் திரும்ப வருவதற்கே கடையில் 586 ரூபாய் போட்டாக வேண்டும். கடையில் அந்த விலை, நம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 400 என்று இரண்டு விதமாகப் போட்டால் கடைக்காரர் அடுத்த முறை சரக்கு எடுக்க மாட்டார், அவர் கோபப்படுவதும் நியாயம்தான். ஆகவே எங்கே விற்றாலும் ஒரே விலை என்று செயற்குழுவில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் உறுப்பினர்கள் இதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து சூளை. இந்த ஆண்டு அதிகம் உடைந்தது ஆடியிலும் ஐப்பசியிலும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றுக்கு மேற்பரப்பு மட்டும் சீக்கிரம் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும், மெல்லிய இதழ்களிலும் ஜிமிக்கி விளிம்பிலும் மயிரிழை விரிசல் விழும். வண்ணம் அடித்த பிறகுதான் அது கண்ணுக்கே தெரியும். ஐப்பசி மழையில் நேர்மாறு. காய்ந்துவிட்டது என்று நினைத்துச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மணியை வெடிக்க வைத்துவிடும். நம் மூத்த உறுப்பினர் ஒருவர், அவர் குயவர் குடும்பத்தில் பிறந்தவர், பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஆடியில் துணி போர்த்தி அறைக்குள் நிழலில் மெல்லக் காயவிடவும், மழைக்காலத்தில் சூளையைச் சூடாக்கும் முதல் சில மணி நேரம் தீயை அடக்கியே வைக்கவும். 100 டிகிரியைத் தாண்டும்வரை அவசரமே கூடாது. அப்புறமும் 573 டிகிரியை ஒட்டி மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அதனால்தான் சூடாக இருக்கும்போதே சூளையைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு உடைசல் அதிகம். ஆசையாகத்தான் இருக்கும், திறக்காதீர்கள். சிவப்பு ஒரே சீராக வராததற்குக் காற்றோட்டம்தான் காரணம். மண்ணில் உள்ள இரும்புக்குக் காற்று தாராளமாகக் கிடைத்தால் சிவக்கும், புகை அடைத்தால் கறுக்கும். கறுப்பு நகை வேண்டும் என்றே கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பிழை என்று ஒதுக்க வேண்டாம்.

குளத்து மண் எடுப்பவர்கள் வட்டாட்சியரிடம் அனுமதி பெற்றே எடுக்கவும். ஒரு வண்டி மண்ணுக்காகச் சங்கத்தின் பெயர் கெட வேண்டாம்.

பட்டுக்கூடு பயிற்சி இந்த ஆண்டின் நல்ல விஷயம். கோபி வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூடுகள் மலிவாகக் கிடைக்கின்றன. இழை அறுந்துவிடுவதால் அவை நூல் எடுக்க உதவாது. நமக்கோ அவற்றை இதழ் இதழாக வெட்டிக் கம்மலும் சடைப் பூவும் செய்ய முடிகிறது. வெந்நீரும் சோப்பும் பட்டால் கூட்டின் பசை கரைந்து துவண்டுவிடும், இதழ் நிமிர்ந்து நிற்பதே அந்தப் பசையால்தான். இன்னொன்று, நாம் 'பட்டு நூல்' என்று வாங்கும் கண்டுகளில் பெரும்பாலானவை விஸ்கோஸ் அல்லது பாலியஸ்டர். வாங்குகிறவர் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடவும்.

காது புண்ணானது பற்றி. வாடிக்கையாளர் ஒருவருக்கு நம் உறுப்பினர் விற்ற கம்மலால் காது அரித்து நீர் வடிந்தது. மொத்தமாக வாங்கிய மலிவுக் கொக்கியில் இருந்த நிக்கல்தான் காரணமாக இருக்கும் என்று தோல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் இருக்கும், அதனால் இதைச் சின்ன விஷயமாக எடுக்க முடியாது. ஐரோப்பிய நாடுகளில் தோலில் படும் நகையிலிருந்து எவ்வளவு நிக்கல் வெளியேறலாம் என்பதற்குச் சட்டமே இருக்கிறது. இனி கொக்கியையும் திருகாணியையும் சங்கமே சேர்ந்து வாங்கும். மருத்துவத் தர ஸ்டீல் ஒரு வகை, 92.5 வெள்ளி ஒரு வகை. ஜோடிக்குச் சில ரூபாய் கூடும், அதையும் விலையில் சேருங்கள். குழந்தைகள் வாயில் வைக்கும் என்பதால் எந்த உலோகம் என்றே தெரியாத பழைய தொங்கல்களைக் குழந்தை நகையில் கோக்க வேண்டாம்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கடை போட்டோம். குதிரையும் மாடும் பார்க்க வந்த கூட்டத்தில் முதலில் தீர்ந்தது குழந்தை வளையல்தான், பெரிய ஆரமெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. அடுத்த முறை சின்ன உருப்படிகளாகக் கொண்டு போக வேண்டும்.

சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் உள்ள கொடுமணலுக்கும் ஒரு நாள் போய் வந்தோம். பதிற்றுப்பத்தில் பேர் வந்த ஊர் அது, அணிகலனுக்காகத்தான் அங்கே அதைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் கல்மணி செய்த பட்டறைகள் அங்கே இருந்ததை அகழாய்வில் கண்டுபிடித்தார்கள். அங்கே மணியாக்கிய கற்களில் ஒன்று பச்சைக்கல் வகையான பெரில், காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் கிடைத்த கல். உடைத்தது, உரசியது, பாதி துளைத்து நின்றது, மெருகேற்றியது என்று வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் நின்றுபோன மணிகள் அங்கே கிடைத்திருக்கின்றன. ஒரு மணிக்குள் எத்தனை பேருடைய எத்தனை நாள் வேலை இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் அங்கேதான் நன்றாகப் புரிந்தது. உறுப்பினர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வர வேண்டும் என்பது என் விருப்பம்.

மொத்தக் கடையில் செட்டாக வாங்கி அப்படியே 'கையால் செய்தது' என்று விற்பது பற்றி இரண்டு புகார்கள் வந்தன. வாங்கி விற்பதில் தவறில்லை, மணி வாங்கிக் கோப்பதும் வேலைதான். எதைச் செய்தோமோ அதை மட்டும் சீட்டில் எழுதுவோம். அடுத்தவர் வடிவத்தைப் படம் எடுத்து அதே மாதிரி செய்து குறைந்த விலைக்குப் போடுவதும் நிற்க வேண்டும்.

அரசு சார்ந்த தகவல்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், பணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம். 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கவும், விண்ணப்பம் நிரப்பச் சங்கம் உதவும். மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கேரளா, கர்நாடகாவுக்கு அனுப்பத் தொடங்கும் முன் கணக்காளரைக் கேட்டுவிடுங்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். ஒன்று, ஒவ்வொரு உறுப்பினரும் தான் செய்யும் மூன்று உருப்படிகளுக்கு நேரம் குறித்து, கூலி சேர்த்து விலைச் சீட்டு எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும், சேர்ந்து உட்கார்ந்து சரிபார்ப்போம். இரண்டு, பொதுவில் ஒரு சிறிய மின்சூளை வாங்க நிதி ஒதுக்க வேண்டும், ஐப்பசி உடைசலுக்கு அதுதான் வழி. விவாதித்து முடிவு சொல்லுங்கள். கொக்கி ஆர்டருக்கு எத்தனை ஜோடி வேண்டும் என்பதை இன்றே பொருளாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவும்.

செயலாளர்