ஏற்றத்தில் நிற்கிற புதுக் கார்: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

"இன்னொரு தடவை ரிப்பேர் பண்ணித் தர்றாங்களாம்ணே, விட்டுருவோமா?" என்று போனில் கேட்டாய். வேண்டாம். மறுபடியும் காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதே. காரை எடுத்துக்கொண்டு காசைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இதையெல்லாம் போனில் சொன்னால் பாதி மனதில் நிற்காது, அதனால் எழுதுகிறேன். பொதுவில் போட நீயும் சம்மதித்தாய். நம் பக்கத்தில் இதே பாடு படுகிறவர்கள் இன்னும் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும். கம்பனியின் பெயரை மட்டும் விட்டிருக்கிறேன், விஷயம் இன்னும் முடியவில்லை.

முதலில் குறை என்ன என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். கொழும்பில் ஷோரூமைச் சுற்றி ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. தலவாக்கலைக்கு வருகிற வழியில் அவிசாவளை வரைக்கும் சரி. கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏற்றம் தொடங்கியதும் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது, மிதித்தாலும் வேகம் ஏறுவதில்லை, பின்னால் பஸ்காரர் ஹோன் அடிக்கிறார். ஓரங்கட்டி அணைத்து வைத்து, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையிலும் இதே கதைதான்.

உன் காரில் இருப்பது சிவிடி கியர்பொக்ஸ். உள்ளே இரண்டு கப்பிகளும் ஒரு பெல்ட்டும் எண்ணெயில் ஓடுகின்றன. நீண்ட ஏற்றத்தில் அந்த எண்ணெய் சூடாகும். அளவு மீறிப் போனால், கியர்பொக்ஸைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் தானாகவே எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும். அந்தப் பாதுகாப்பு ஏற்பாடு இருப்பது குறையல்ல. நாலு பேர் உட்கார்ந்து போகிற புத்தம் புதுக் கார், பஸ்ஸும் தேயிலைக் கொழுந்து லொறியும் தினமும் ஏறி இறங்குகிற வீதியில் அந்த நிலைக்குப் போவதுதான் குறை. கூலரா, சென்சரா, வால்வா, எண்ணெய் அளவா என்று தேடிக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. டவுனில் நமக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸிடம் கொடுத்துப் பார்க்கலாமே என்று மச்சான் சொன்னாராம். கை வைக்கவே விடாதே. வெளியாள் கழற்றினார் என்று தெரிந்தால் உத்தரவாதம் போயிற்று என்பார்கள், அதோடு குறையே அந்த ஆள் செய்தது என்றும் சொல்வார்கள்.

"மலையில ஓடினா எந்தக் காரும் அப்படித்தான் மிஸ்" என்று சேல்ஸ் மெனேஜர் சொன்னாரே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது, நுவரெலியா 1,800க்கும் மேலே. இது யாரோ விளையாட்டுக்கு ஏறிப் பார்க்கிற மலை இல்லை, லட்சக்கணக்கான சனம் வாழ்கிற ஊர். உன் விலாசத்தை எழுதித்தானே பில் போட்டார்கள்? தலவாக்கலை என்று எழுதும்போது அது மலை என்று தெரியாதா? தெரிந்தேதான் விற்றார்கள்.

இனி ஜொப் கார்டுக்கு, அதாவது காரை ரிப்பேருக்கு விடும்போது அவர்கள் எழுதுகிற தாளுக்கு, வருகிறேன். நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ சொன்னது: ஏற்றத்தில் விளக்கு எரிந்தது, சக்தி போனது, மழையில் நடு வீதியில் கார் நின்றது, மகன் பின் சீட்டில் அழுதான். சேர்விஸ் கவுண்டரில் இருந்தவர் அதை ஆங்கிலத்தில் "பிக்கப் குறைவு" என்று இரண்டே சொல்லில் எழுதியிருக்கிறார். கீழே மெக்கானிக்கின் கட்டத்தில் "ஓட்டிப் பார்த்தோம், குறை காணப்படவில்லை". அதற்கும் கீழே, "வேலை திருப்தி" என்று முன்பே அச்சடித்த வரிக்குப் பக்கத்தில் உன் கையெழுத்து. நாளைக்கு யாராவது இந்தத் தாளை எடுத்துப் பார்த்தால், சும்மா பிக்கப் போதவில்லை என்று வந்த ஒரு டீச்சர் திருப்தியோடு வீட்டுக்குப் போனார் என்றுதான் நினைப்பார்கள். உன்னைக் குறை சொல்லவில்லை, சாவி வேண்டுமென்றால் கையெழுத்துப் போடுங்கள் என்றால் யாரும் போடுவார்கள். ஆனால் இனிமேல் ஜொப் கார்டில் உன் வார்த்தைதான் இருக்க வேண்டும். அவர்கள் எழுத மறுத்தால் பேனாவை வாங்கி நீயே தமிழில் எழுது. திருப்தி என்ற வரிக்கு மேல் "ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கும் வரை ஏற்கவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடு. எழுதியதைப் போனில் படம் எடுத்துக்கொள்.

அவர்கள் "ஓட்டிப் பார்த்தது" எங்கே? கொழும்பில், சமதரையில். அங்கே அந்தக் குறை எப்படி வரும்? ஆகவே நாம் எழுதப்போகிற கடிதத்தில் ஒன்றை அழுத்திக் கேட்போம்: சோதிக்க வேண்டுமானால் அவர்களின் பொறியியலாளர் வந்து, நீயும் காரில் இருக்க, கித்துல்கலயிலிருந்து ஹட்டன் வரை ஓட்டிப் பார்க்கட்டும். இன்னொன்று, விளக்கு எரிகிற ஒவ்வொரு தடவையும் காரின் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறுக் குறியீடு பதியும். பல கார்களில் அந்த நேரத்து வேகம், சூடு கூடச் சேர்ந்து பதியும். வர்க்‌ஷொப்பில் ஸ்கேனர் போட்டவுடன் அதைப் படித்துவிட்டு அழித்துவிடுகிறார்கள். அழித்தபின் குறை காணப்படவில்லை என்று எழுதுவது சுலபம். அழிக்கும் முன் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லிக் கேள். முதல் தடவைகளில் எடுத்த பதிவு அவர்களின் லெப்டொப்பில் இருக்கலாம், அதையும் கேட்டு எழுதுவோம். மச்சான் எடுத்த வீடியோவில் மஞ்சள் விளக்கும் கிலோமீற்றரும் சேர்ந்து தெரிகிறது. அதைத் தொலைத்துவிடாதே, எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

லண்டனில் இருக்கிற சித்தப்பா மகன், 30 நாளுக்குள் கொடுத்தால்தான் திருப்பி எடுப்பார்கள், உனக்கு நாள் கடந்துவிட்டது என்று பயமுறுத்தினானாம். அது இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம். நம் நாட்டில் இருப்பது 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அதில் நாள் கணக்கு இல்லை, "நியாயமான காலம்" என்றுதான் இருக்கிறது. பொருளை வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலம் கடந்தால் நீ அதை ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஏற்றுக்கொண்டபின் திருப்பிக் கொடுக்கிற உரிமை போய், நஷ்டஈடு கேட்கிற உரிமை மட்டும் மிஞ்சும். அவர்கள் ஏன் அடுத்த ரிப்பேர், அதற்கடுத்த ரிப்பேர் என்று இழுக்கிறார்கள் என்று இப்போது விளங்குகிறதா? ஒவ்வொரு ரிப்பேரிலும் நாள் ஓடுகிறது, கிலோமீற்றர் ஏறுகிறது. அதனால்தான் வாயால் சொல்வது போதாது, தேதி போட்ட கடிதம் வேண்டும் என்கிறேன்.

அதே சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. எதற்காக வாங்குகிறேன் என்று விற்பவரிடம் சொல்லி, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். ஆனால் பிராண்ட் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிய பொருளுக்கு இந்த வாதம் அவ்வளவு பலமில்லை, அவர்களின் வக்கீல் அதைத்தான் பிடிப்பார். அப்போது நமக்குக் கைகொடுப்பது மற்றது: அந்தப் பொருளையே வியாபாரமாக விற்கிறவர் விற்பது, விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். வாங்கும் முன் ஓட்டிப் பார்த்தீர்கள்தானே என்று கேட்டால், பார்த்தபோது தெரியக்கூடிய குறைக்குத்தான் அந்தப் பதில் செல்லும். கொழும்புச் சமதரையில் ஓட்டி, கினிகத்தேனை ஏற்றத்துக் குறையை யாரால் கண்டுபிடிக்க முடியும்?

"ரெஜிஸ்டர் பண்ணின காரைத் திருப்பி எடுக்க முடியாது" என்பது அவர்களின் அடுத்த பேச்சு. அவர்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. உன் பெயரில் நம்பர் விழுந்தபின் அதைப் புதுக் காராக விற்க முடியாது, இறக்குமதிக்குக் கட்டிய வரியும் திரும்ப வராது. அதனால் நஷ்டம் அவர்களுக்குப் பெரிது. ஆனால் அந்த நஷ்டத்தை ஏன் நீ சுமக்க வேண்டும்? பதிவு செய்தால் உரிமை போய்விடும் என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

லீசிங் விஷயத்தில் கவனமாக இரு. கார் பிரச்சினை தீரும்வரை தவணை கட்டமாட்டேன் என்று மச்சான் சொல்கிறார். கட்டத்தான் வேண்டும். தவணை தவறினால் லீசிங்காரர் காரைத் தூக்கிவிடுவார்கள், கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் பெயர் கெடும், நாளைக்கு ஒரு வீட்டுக் கடன் கிடைப்பதும் கஷ்டமாகிவிடும். அதோடு பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனிதான், நீ பதிவுபெற்ற உரிமையாளர் மட்டும். ஆகவே நம் கடிதத்தின் ஒரு பிரதி அவர்களுக்கும் போக வேண்டும். திரும்பி வருகிற காசில் முதலில் அவர்களின் கணக்குத் தீரும், மீதிதான் உனக்கு. முற்பணம், பதிவுச் செலவு, காப்புறுதி, இதுவரை கட்டிய தவணை, கொழும்புக்குப் போய்வந்த செலவு எல்லாவற்றையும் ரசீதோடு ஒரு தாளில் எழுதி வை.

கடிதம் போனபின் காரை எடுக்காதே. வேண்டாம் என்று எழுதிவிட்டு அதே காரில் போய்வந்தால் நம் பேச்சுக்கு மதிப்பில்லை. மழைக்காலத்தில் பஸ்ஸுக்கு நின்று பள்ளிக்கூடம் போவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், ஆனாலும் கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள். காப்புறுதியை நிறுத்திவிடாதே.

அவர்கள் அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் 13ஆம் பிரிவின்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி அவர்கள் விசாரிக்கலாம். விசாரித்தபின் நஷ்டஈடு கொடு, பொருளை மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிடலாம். ஆனால் முறைப்பாடு, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். அந்தக் கெடு உனக்கு நெருங்குகிறது. ஷோரூமின் பதிலுக்காகக் காத்திருந்து இதைத் தவறவிடக் கூடாது, இரண்டையும் ஒன்றாகவே அனுப்புவோம். அது அரச நிறுவனம், தமிழும் அரச கரும மொழி, தமிழிலேயே எழுதலாம். உன் கையால் நீ எழுதுவதுதான் பலம்.

இடையில் மெனேஜர் நல்லெண்ணம் என்று சொல்லி இலவச சேர்விஸ், கூடுதல் உத்தரவாதம், சீட் கவர் என்று ஏதாவது நீட்டுவார். வாங்கினால் "இத்துடன் பிரச்சினை தீர்ந்தது" என்று ஒரு தாளும் சேர்ந்து வரும். எனக்குக் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதே.

தங்கச்சி, இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஷோரூமில் நீ நின்ற விதத்தை மச்சான் சொன்னார். சொந்தக் காசு போட்டு வாங்கிய பொருளைப் பற்றிப் பேசப் போய், கையைக் கட்டிக்கொண்டு "சொரி சேர்" என்று தொடங்கினாயாம். தோட்டத்துத் தொரை முன்னால் கைகட்டி நிற்கிற பழக்கம் நம் குடும்பத்தில் எத்தனை தலைமுறைக்குப் பின்னும் போகவில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அத்தனை வருஷமும் அம்மா தன் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசைத் தொடாமல் உனக்காக வைத்திருந்தார். அது கொழுந்து பறித்துச் சேர்ந்த காசு. நீ அங்கே தயவு கேட்டுப் போகவில்லை, கொடுத்த காசுக்குச் சரியான பொருளைக் கேட்டுத்தான் போனாய். நிமிர்ந்து கேள்.

கடிதத்தை நீளமாக எழுத வேண்டியதில்லை. இப்படி இருந்தால் போதும்:

"உங்களிடம் நான் வாங்கிய மேற்படி கார், பொது வீதியின் ஏற்றங்களில் திரும்பத் திரும்பச் சக்தி இழந்து நிற்கிறது. இரண்டு தடவை உங்களிடம் ஒப்படைத்தும் குறை நீங்கவில்லை. இந்த வாகனத்தை நான் ஏற்கவில்லை, நிராகரிக்கிறேன். இன்று முதல் இதைப் பயன்படுத்தமாட்டேன். என் வீட்டு முற்றத்தில் பாதுகாப்பாக நிற்கிறது, நீங்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். செலுத்திய முழுத் தொகையையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்கிறேன். வாகனத்தைச் சோதிக்க விரும்பினால், நான் உடனிருக்க, கித்துல்கல - ஹட்டன் வீதியில் சோதிக்கவும்."

அந்த 14 நாள் சட்டத்தில் உள்ளதல்ல, நாம் வைக்கிற கெடு. இதை ஆங்கிலத்திலும் டைப் பண்ணி, இரண்டையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புவோம். எங்கள் ஒபிஸ் சேர் ஒரு தடவை பார்த்துத் தருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறி ஹட்டனுக்கு வா. பில், பதிவுப் புத்தகத்தின் பிரதி, லீசிங் ஒப்பந்தம், உத்தரவாதப் புத்தகம், இரண்டு ஜொப் கார்டுகள், மச்சானின் போன், உன் அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொள். தபால் கந்தோர் மூடும் முன் வந்து சேர்.

அன்புடன்,
அண்ணன்