சுண்ணாம்புக்குப் பதில் அக்ரிலிக்: வீட்டு முகப்பு வேலை குறித்த புகார்

அனுப்புநர்: வீட்டு உரிமையாளர், கொலம்பஸ், ஓஹியோ
பெறுநர்: உரிமையாளர், வீட்டு வெளிப்புறச் சீரமைப்பு நிறுவனம், கொலம்பஸ்
பொருள்: 1961-இல் கட்டிய செங்கல் ரேஞ்ச் வீட்டின் (ஒரே தளமாக நீண்ட வீடு) முகப்பு வேலையைத் திருத்தித் தரக் கோருதல்

ஐயா, வணக்கம்.

ஒப்பந்தம் தமிழில் பேசி முடித்தது என்பதால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலப் படியும் புகைப்படங்களும் இணைப்பில் உள்ளன.

முன்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு இரண்டு கோட்டிங் என்பதுதான் எழுதிக் கொடுத்தது. ஏப்ரலில் உங்கள் ஆட்கள் அடித்தது அக்ரிலிக் பிரைமரும் அதன்மேல் இரண்டு கோட்டிங் லேடெக்ஸ் பெயின்டும். காலி வாளிகளின் படம் உள்ளது. இப்போது ஆகஸ்டில் அடிவரிசை ஆறு செங்கல் உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளித்து நிற்கிறது. மழைநீர்க் குழாயின் அருகே கொப்புளத்தைக் கிள்ளினால் அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. சுவருக்குள் தண்ணீர் நிற்கிறது, வெளியேற வழி இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

1961-ஐ ஒட்டிக் கட்டிய ரேஞ்ச் வீடுகளில் செங்கல் ஒற்றை அடுக்குத்தான். அதன் பின்னால் ஏறக்குறைய ஓர் அங்குல இடைவெளி, அப்புறம் தார்க்காகிதம், பலகை, மரச்சட்டம். பாரத்தைத் தாங்குவது மரச்சட்டம். சாந்து இணைப்புகள் வழியாக மழைநீர் உள்ளே கசியும் என்று எண்ணியே இதைக் கட்டினார்கள். கசிந்த நீர் இடைவெளியில் இறங்கி, அடிவரிசையில் விட்டிருக்கும் வீப் ஹோல் என்ற சிறு துளைகள் வழியாக வெளியே வரும். மிச்ச ஈரம் செங்கலின் முகத்தில் ஆவியாகும். சுண்ணாம்பு செங்கலுக்குள் ஊறி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாக இறுகும். ஆனாலும் ஆவியை வெளியே விடும். அக்ரிலிக் மேலே தோலாகப் படர்ந்து அந்த வழியைப் பெருமளவு அடைத்துவிடும். அக்ரிலிக் ஏறிய செங்கலில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதால், நாங்கள் கேட்டதை இனி நேரடியாகச் செய்யவும் முடியாது.

ஆவியாகும் வழியை மட்டுமா அடைத்தீர்கள்? 42 அடி முன்சுவரில் இருந்த 19 வீப் ஹோல்களிலும் கால்க் (இடுக்கு அடைக்கும் பசை) நிரப்பியிருக்கிறார்கள். பூச்சி வரும் என்று மேஸ்திரி காரணம் சொன்னார். பூச்சிக்கு வலைச் செருகி போதும். முன்னறையின் பெரிய சன்னலுக்கு மேலே, செங்கலைத் தாங்கும் இரும்பு லிண்டலுக்கும் செங்கலுக்கும் நடுவே உள்ள இடுக்கையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கால்க்கால் மூடிவிட்டார்கள். அங்கு தேங்கும் நீரில் இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருத்துச் செங்கலைத் தூக்கும். சன்னலின் மேல்மூலைகளில் படிக்கட்டு போல விரிசல் ஓடும். உடனே கவனிக்க வேண்டியது இந்த இடம்தான்.

செங்கல் இணைப்புகளில் புதுச் சாந்து அடைக்கும் பாயின்டிங் வேலையும் சரியில்லை. 3/8 அங்குல இணைப்பில் பழைய சாந்தைக் குறைந்தது 3/4 அங்குல ஆழம் எடுத்த பிறகே புதியதை அடைக்க வேண்டும். உங்கள் ஆட்கள் கால் அங்குலம் சுரண்டி மேலே தடவியிருக்கிறார்கள். புகைபோக்கியில் அது இப்போதே பட்டை பட்டையாக உதிர்கிறது. பேசியது டைப் என் சாந்து, வந்த மூட்டை டைப் எஸ். 28 நாளில் முதலாவதன் குறைந்தபட்ச வலிமை சதுர அங்குலத்துக்கு 750 பவுண்டு (பிஎஸ்ஐ), இரண்டாவதன் வலிமை 1800. கடினமான சாந்து என்றால் நல்லது என்று நினைப்பது தவறு. சுவர் அசையும்போது விட்டுக்கொடுக்க வேண்டியது சாந்து, செங்கல் அல்ல. இந்தச் சாந்து காய மூன்றே நாள் கொடுத்து அதன்மேல் பெயின்ட் அடித்தார்கள். பெயின்ட் அடித்ததற்கு முந்தைய நாள்தான் சுவரை நீரைப் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷும் நடந்தது.

முகப்பின் சிடார் மரத் தூண்கள் நேரே கான்கிரீட்டில் நிற்கின்றன. ஓர் அங்குலம் தூக்கி நிறுத்தும் உலோக அடித்தட்டு இல்லாவிட்டால் அடிமரம் நீரை உறிஞ்சி உளுத்துப்போகும்.

இன்னொன்று, வீட்டில் குழந்தை இருப்பதால் இதை விட முடியாது. 1978-க்கு முந்தைய வீட்டில் வெளிப்புறம் ஈயம் கலந்திருக்கக்கூடிய பழைய பெயின்டை 20 சதுர அடிக்கு மேல் சுரண்டினால், ஈய விதிகளின்படி சான்று பெற்ற நிறுவனமே செய்ய வேண்டும். சுவரிலிருந்து பத்தடி தூரம் தரையில் பிளாஸ்டிக் விரிக்க வேண்டும். கூரை விளிம்புப் பலகைகள் முழுவதையும் சுரண்டிய அன்று தரையில் எதுவும் விரிக்கவில்லை. துகள்கள் பூச்செடிப் பாத்தியில் கிடந்தன. உங்கள் சான்றிதழின் நகலும் அந்த வேலையின் பதிவேடும் வேண்டும்.

"இன்னொரு கோட்டிங் அடித்துத் தருகிறோம்" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அதை ஏற்க முடியாது. செய்ய வேண்டியது இது: முதலில் வீப் ஹோல்களையும் லிண்டல் இடுக்கையும் திறக்க வேண்டும். பெயின்டைக் கரைத்து எடுக்கும், செங்கலுக்குத் தகுந்த கெமிக்கல் ஸ்டிரிப்பரை இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் சோதித்து, நான் பார்த்த பிறகே மற்ற இடங்களில் பூச வேண்டும். மணல் பீய்ச்சுவது கூடவே கூடாது. சுட்ட செங்கலின் கெட்டியான மேல்தோல் போய்விட்டால் பனிக்காலத்தில் அது பொரிந்து உதிரும். பெயின்ட் போனதும் டைப் என் சாந்தால் பாயின்டிங், 28 நாள் இடைவெளி, பிறகு சுவரை நனைத்துச் சுண்ணாம்பு. 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே குளிர் இறங்கினால் சாந்தும் சுண்ணாம்பும் சரியாக இறுகாது. ஆகவே செப்டம்பர் முதல் வாரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

மீதித் தொகையான 35 சதவீதத்தை வேலை முடியும்வரை நிறுத்தி வைக்கிறேன். 14 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் ஓஹியோ அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

இணைப்பு: ஒப்பந்த நகல், புகைப்படங்கள் 23, ஆங்கிலப் படி