வானத்து வெளிச்சத்துக்கு யார் பதில் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் விடிவதற்கு முன் வீராம்பட்டினம் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தோம். கிழக்கே முத்துக் கோத்ததுபோல் வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகச் சத்தமில்லாமல் நகர்ந்தன. உடன் வந்த என் மகள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பொழுது விடிவதற்குள் 'பறக்கும் தட்டு' என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரே ராக்கெட்டில் ஏவிய செயற்கைக்கோள்களின் வரிசை அது என்று கல்லூரி ஆசிரியர் ஒருவர் சொன்ன பிறகே வீடு அடங்கியது.

வானில் இன்னதென்று தெரியாமல் மக்கள் கண்டவற்றை ஆராய அமெரிக்க விமானப்படை நடத்தி, 1969-இல் மூடிய 'புளூ புக்' திட்டத்தில் பதிவானவை 12,618 தகவல்கள். 701-க்கு விடை கிடைக்கவில்லை. மக்கள் கண்டவற்றில் பல, யு-2 போன்ற உளவு விமானங்களே என்றும், ரகசியம் காக்க அதை மறைத்து வேறு காரணம் சொல்லப்பட்டது என்றும் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் வரலாற்றாய்வே 1997-இல் ஒப்புக்கொண்டது. கண்ணால் கண்டவனைப் பொய்யனாக்கியது எத்தனை பெரிய அநியாயம்!

பிரான்ஸ் வேறு வழியில் சென்றது. அங்கு 1977 முதல் அரசின் விண்வெளி நிறுவனமே இத்தகைய தகவல்களை ஆராய்கிறது. 2007 முதல் கோப்புகளை இணையத்தில் வெளியிடுகிறது. பிரெஞ்சு படித்த பெரியவர்கள் புதுச்சேரியில் இன்றும் இருக்கிறார்கள், அவர்களே படித்துப் பார்க்கலாம்.

2023 நவம்பரில் இம்பால் விமான நிலையத்தின் மேல் ஏதோ தென்பட்டு, விமானங்கள் நிறுத்தப்பட்டு, ரஃபேல் போர் விமானம் தேட அனுப்பப்பட்டது. நம் நாட்டிலும் இத்தகைய தகவல்களைப் பெற்று, ஆராய்ந்து, முடிவைத் தமிழிலும் வெளியிடும் அலுவலகம் ஒன்றை மத்திய அரசு அமைக்க வேண்டும்.

– மீனவர் ஒருவர், வீராம்பட்டினம், புதுச்சேரி