போட்டோவில் பார்த்த கல்

மாண்டலே,
சித்திரை, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

போன் லைன் கிடைக்கவே இல்லை. நீ இருக்கிற பாகாந்து சுரங்கத்துக்கு ஏறுகிற லாரிக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

பங்குனியில் நீ அனுப்பிய போட்டோ கிடைத்தது. அந்தக் கல் என்ன பெறும் என்று கேட்டிருந்தாய். போட்டோவில் ஜேடுக் கல் பார்க்கிறவன் மடையன். மஞ்சள் பல்பும் ஏமாற்றும். காலை வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார். நிறத்தை மட்டும் பார்த்து மயங்காதே, நீரோட்டத்தைப் பார். ஓரத்தில் டார்ச் அடித்தால் வெளிச்சம் பாகு மாதிரி உள்ளே ஓட வேண்டும். ரவை ரவையாகத் தெரிந்தால் விலை இறங்கிவிடும்.

நீ காட்டினது தோலைச் சீவி ஜன்னல் திறந்த கல். ஜன்னல் திறக்கிறவன் பச்சை இருக்கிற பக்கமாகத்தான் திறப்பான். அது உள்ளே போகிறதா, தோலோடு நிற்கிறதா என்பது அறுத்தால்தான் தெரியும். நகத்தை ஓட்டிப் பார், தடுக்கினால் விரிசல். விரிசலுள்ள கல்லில் வளையல் எடுக்க முடியாது. வளையல் எடுக்க முடியாத கல்லுக்கு என்ன விலை கிடைக்கும் என்று உனக்கே தெரியும்.

அங்கே யாராவது வளையல் கொடுத்தால் வாங்காதே. ஆசிட்டில் ஊறவைத்துக் கறையெடுத்து, பிளாஸ்டிக் பசை ஏற்றின ‘பி’ சரக்காக இருக்கும். நூலில் தொங்கவிட்டுத் தட்டினால் மணிச்சத்தம் வராது. பூகம்பத்தில் விரிந்த நம் சுவரை உன் சித்தப்பா பூசின மாதிரி, நாளாவட்டத்தில் காட்டிக் கொடுத்துவிடும்.

அக்கா பையன் நடக்கிறான்.

போட்டோவில் கல்லோடு உன் கையும் விழுந்திருந்தது. அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன் வேறு. கொசு அதிகமா?

உன் கண் நல்ல கண். பத்து வயதில் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தே, ஜேடு மாதிரியே இருக்கிற நெஃப்ரைட்டையும் நம் ஜேடையும் பிரித்துச் சொன்னாய். சந்தையே திரும்பிப் பார்த்தது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு கல் பொறுக்குகிற யேமசே கூட்டத்தோடு, சுரங்கக் கம்பெனி கொட்டுகிற மண்ணைக் கிளறப் போனாயே! 2020 ஜூலையில் மழைக்கு மண் சரிந்து 170 பேருக்கு மேல் போனார்கள். வைகாசி மழைக்கு முன்னால் இறங்கி வா. காலை வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், மறக்காதே. மழைக்கு முன்னால் வா.

முழுக்கைச் சட்டை என்று எழுதிவிட்டு, பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுபடி வந்து எழுதுகிறேன்.

1994-ல் காச்சின் படையும் ராணுவமும் சண்டையை நிறுத்தின பிறகு நானும் மேலே பாகாந்துக்குப் போனேன் இல்லையா. படகு கவிழ்ந்து உரு ஆற்றில் கல் போனது என்று வீட்டில் சொன்னேனே, படகு எதுவும் கவிழவில்லை. அது ஒரு வீசைக் கல், பச்சை உள்ளே வரை ஓடினது. துண்டுக்குள் கையைவிட்டு விரல் பிடித்து விலை பேசினோம். என் விரல் நடுங்கினது. வாங்க வந்தவனுக்கு அதுவே போதும். அவன் சொன்ன முதல் விலைக்கே கொடுத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி ஊசிக்குக் காசு வேண்டியிருந்தது. நானும் அங்கே முழுக்கைச் சட்டைதான் போட்டேன் தம்பி. பிறகு நாலு மாதம் அத்தை வீட்டுப் பின்கட்டில் கிடந்தேனே, மலேரியா என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கல்லை விற்கிறதானால் அங்கே விற்காதே. உன் கை நடுங்குகிற நாளில் எங்கேயும் விற்காதே. இங்கே கொண்டு வா, நான் பேசுகிறேன். கல் இல்லாவிட்டாலும் வா.

அம்மா அரைக்கைச் சட்டை இரண்டு தைத்திருக்கிறாள். லாரிக்காரரிடம் இருக்கிறது, கேட்டு வாங்கு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு.

அப்பா