பச்சைத் துப்பட்டா அணிந்திருந்த தங்கைக்கு நன்றி

சென்ற சனிக்கிழமை மாலை, திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தங்கையே, இந்தப் பதிவு உன் கண்ணில் பட வேண்டும்.

அம்மாவின் தையல் இயந்திரத்தை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தேன். வாங்க வந்தவர் தன்னை ராணுவ வீரர் என்றார், அடையாள அட்டையின் படமும் அனுப்பினார். பேரமே பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முதலில் 5 ரூபாய் போட்டார், அது வந்து சேர்ந்தது. பிறகு ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் செய்து உங்கள் யுபிஐ பின் (PIN) எண்ணைப் போடுங்கள், 8,500 வந்துவிடும்" என்று அவசரப்படுத்தினார்.

பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்தபடியே இரண்டு இலக்கங்களை அழுத்திவிட்டேன். நீ என் கையைப் பிடித்தாய். "அக்கா, போடாதீங்க. பணம் வாங்குவதற்குப் பின் எண்ணே வேண்டாம். அது பணம் அனுப்புவதற்குத்தான்." திரையில் 'செலுத்து' என்றிருந்ததை விரலால் காட்டினாய். அதுவரை நான் அதைப் படிக்கவே இல்லை.

அதோடு நீ விடவில்லை. உரையாடலைப் படமெடுத்து வைக்கச் சொன்னாய், அந்த எண்ணைத் தடுத்தாய். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும், தாமதித்தால் மீட்பது கடினம் என்று என் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தாய். என் கை நடுங்குவதைப் பார்த்து, ஆலங்குளத்தில் இறங்க வேண்டிய நீ பாவூர்சத்திரம் வரை கூடவே வந்தாய்.

பதற்றத்தில் உன் பெயரைக்கூடக் கேட்கவில்லை, தங்கையே. அந்த டிக்கெட் என் பர்ஸில்தான் இருக்கிறது.